சர்மதுக்கும் உமறுக்கும் இடையே

கோவில்பட்டிக்குக் கிழக்கே சுமார் 15 கிலோமீட்டர் தொலைவில் எட்டயபுரத்தில் உமறுப்புலவர் அடங்கியிருக்கிறார். டெல்லி ஜும்மா மசூதியின் கிழக்கு வாசலருகே, சிவப்பு வண்ணம் பூசிய சிறிய தர்கா ஒன்றில் சர்மத் அடங்கியிருக்கிறார். இருவரும் 17ஆம் நூற்றாண்டினர், இருவரும் கவிகள், இருவரும் முஸ்லிம்கள். ஒருவர் பெயரை மற்றவர் கேள்விப்பட்டிருக்க வழியில்லை. ஆனாலும் ஒரு குறிப்பிட்ட கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்டால் இந்த இரண்டு கல்லறைகளையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது. ஆண்மீது ஆண் கொண்ட காதலுக்கும் இஸ்லாமிய விசுவாசத்துக்கும் வரலாற்றில் இருந்த உறவு என்ன, அந்த உறவு தமிழில் ஏன் வாயடைத்துப் போயிற்று என்பது அந்தக் கேள்வி.

இது ஏட்டுச் சுரைக்காய் விவகாரம் இல்லை. 2009 ஜூலை 2ஆம் தேதி டெல்லி உயர்நீதிமன்றம், வயதுவந்த இருவர் மனமொப்பித் தனிமையில் கொள்ளும் உறவுக்கு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. அதை எதிர்த்து உச்சநீதிமன்றத்துக்குப் போனவர்களின் பட்டியல் விசித்திரமானது. ஒரு ஜோதிடர், கிறிஸ்தவ சபைகளின் கூட்டமைப்புகள், அகில இந்திய முஸ்லிம் தனிநபர் சட்ட வாரியம், கூடவே தமிழ்நாடு முஸ்லிம் முன்னேற்றக் கழகம். 2013 டிசம்பர் 11இல் அவர்கள் வென்றார்கள். 2018 செப்டம்பர் 6இல் அந்த வெற்றி ரத்தாயிற்று. வேறு எதற்கும் ஒரே திண்ணையில் உட்காராதவர்கள் இதற்கு மட்டும் ஒன்று கூடினார்கள் என்பதில் வேடிக்கை உண்டு. எனக்கு உறைத்தது வேறு. அவர்கள் காப்பாற்ற முனைந்தது மெக்காலேயின் சட்டம். 1837இல் வரைவாகி, 1860இல் நிறைவேறி, 1862 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது. அதற்கு முன்னால், 1802ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளின்படி, திருநெல்வேலிச் சீமை உட்பட்ட சென்னை மாகாணத்துக் கம்பெனி நீதிமன்றங்களில் குற்றங்களுக்குச் செல்லுபடியானது இஸ்லாமியக் குற்றவியல் சட்டம்தான். திருத்தியும் வெட்டியும் ஒட்டியும் இருந்தாலும் அடிப்படை அதுவே. எந்தச் சட்டத்தை இடித்துத் தள்ளிவிட்டு அதன் மனையில் 377 எழுந்ததோ, அந்தச் சட்டத்தின் பெயராலேயே 377க்குக் காவல் நின்றார்கள்.

இயற்கையின் ஒழுங்குக்கு மாறானது என்ற அந்தப் பிரிவின் மொழி கிறிஸ்தவ இறையியலில் பிறந்தது. இஸ்லாமியச் சட்ட நூல்கள் இந்தப் பாஷையில் பேசியவை அல்ல. அவை என்ன பேசின என்பதை முதலில் பார்த்துவிடலாம்.

லூத்து நபியின் கதை குர்ஆனில் ஒன்றுக்கு மேற்பட்ட அத்தியாயங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. பெண்களை விட்டு ஆண்களை நாடிய சமூகம் கல்மாரியால் அழிந்தது. இந்தப் பாவத்துக்கு அரபியில் ஏற்பட்ட பெயர் லிவாத். கண்டித்த நபியின் பெயரே கண்டிக்கப்பட்ட செயலின் பெயராகிவிட்டது பாஷையின் குரூரங்களில் ஒன்று. விருந்தினர்மீது ஏவப்பட்ட பலாத்காரமே அந்தக் கதையின் பாவம், மனமொப்பிய காதல் அல்ல என்று ஸ்காட் குக்ல் என்ற அறிஞர் 2010இல் ஒரு முழு நூல் எழுதி வாதாடியிருக்கிறார். அவருடைய நியாய உணர்ச்சியை மதிக்கிறேன். வாதம் சில வசனங்களில் இழுத்துக் கட்டியதாகவே எனக்குப் படுகிறது. மரபு அந்தச் செயலைப் பாவம் என்றுதான் வாசித்தது. ஆயிரத்து சொச்சம் ஆண்டு வாசிப்பை ஒரு சொல்லாராய்ச்சியால் கழற்றி வைத்துவிட முடியாது.

ஆனால் பாவம் என்பது வேறு, தண்டனை என்பது வேறு, விசுவாசத்திலிருந்து வெளியேற்றம் என்பது வேறு. இந்த மூன்றையும் ஒன்றாகக் குழைத்துவிட்டது நம் காலம். பழைய சட்டவியலார் குழைக்கவில்லை.

தமிழ் முஸ்லிம்களில் காயல்பட்டினம், கீழக்கரைக் கடற்கரையோர மரைக்காயர்கள் ஷாஃபி மத்ஹபைச் சேர்ந்தவர்கள். உள்நாட்டு ராவுத்தர்கள் பெரும்பாலும் ஹனஃபிகள். தொழுகையில் கையை எங்கே கட்டுவது என்பது போன்ற வேற்றுமைகளே வெளியில் தெரியும். நம் விஷயத்தில் வேற்றுமை பெரிது. ஷாஃபி சட்டம் இந்தச் செயலை விபசாரத்தோடு சேர்த்தது. மணமானவனுக்குக் கல்லெறி, மணமாகாதவனுக்குக் கசையடி என்பது அதில் ஒரு வலுவான கருத்து. 767இல் இறந்த இமாம் அபூஹனீஃபா அப்படிச் சேர்க்க மறுத்தார். இது விபசாரம் அன்று. குர்ஆன் இதற்கு நிர்ணயித்த தண்டனை எதுவுமில்லை. காஜி தன் மதிப்பீட்டில் கண்டிக்கலாம் என்பது அவர் கட்சி. அவருடைய மாணவர்களான அபூ யூசுஃபும் முகம்மது அல்-ஷைபானியும் இதில் குருவோடு மாறுபட்டார்கள். பழக்கமாகச் செய்கிறவனைக் கொல்லலாம் என்று பிற்கால ஹனஃபிகள் சிலர் எழுதினார்கள். எல்லாம் உண்டு. ஆனால் விபசாரத்துக்கான தண்டனைக்குச் செயலை நேரில் கண்ட நான்கு ஆண் சாட்சிகள் வேண்டும். அவர்கள் தவறினால் சாட்சிகளின் முதுகில் 80 கசையடி. பிறர் வீட்டுக் கதவைத் திறந்து பார்க்காதே என்பது இந்த ஏற்பாட்டின் உட்பொருள். 377க்கு இந்தக் கூச்சமெல்லாம் இருந்ததில்லை. அது போலீஸ் ஸ்டேஷன்களின் சட்டமாக இருந்தது.

இதே அபூஹனீஃபாவின் மரபிலிருந்து வந்த இன்னொரு நிலைப்பாடு எனக்கு இதைவிட முக்கியம். இஸ்லாத்தின் முதல் நூற்றாண்டிலேயே ஒரு பெரிய சண்டை நடந்தது. பெரும்பாவம் செய்தவன் முஸ்லிமா இல்லையா? இல்லை, அவன் காஃபிர் என்றார்கள் காரிஜியாக்கள், வாளும் எடுத்தார்கள். பாவி பாவிதான், ஆனால் விசுவாசிதான், அவன் கணக்கு அல்லாஹ்விடம் என்றது எதிர்க்கட்சி. ஸுன்னி இஸ்லாம் இந்த இரண்டாவது பதிலைத் தன் கொள்கையாக ஏற்றுக்கொண்டது. இறையியல் நுணுக்கம்போல் தோன்றும் இந்தத் தீர்மானத்தின்மேல்தான் ஒரு நாகரிகமே உட்கார்ந்திருந்தது. குடித்த கவி தொழுகை வரிசையில் நின்றான். ஆணைக் காதலித்தவன் நோன்பு பிடித்தான். இரண்டுக்கும் நடுவே இருந்த வேதனையிலிருந்துதான் கவிதை வந்தது.

சர்மதுக்கு வருகிறேன். கஷான் நகரத்து யூதக் குடும்பம். ஆர்மீனியர் என்பாரும் உண்டு. ஹீப்ருவும் பாரசீகமும் கற்றவர், இஸ்லாத்தைத் தழுவியவர், வியாபாரி. 1630களில் சரக்கோடு சிந்துவின் தட்டா நகரத்துக்கு வந்தார். அங்கே அபய் சந்த் என்ற ஹிந்துப் பையன்மீது காதல் கொண்டார். சரக்குப் போயிற்று, உடையும் போயிற்று. அதன்பின் சாகும்வரை நிர்வாணிதான். பையனின் தகப்பனார் முதலில் தடுத்தார், பிறகு விட்டுவிட்டார். இருவரும் லாகூருக்கும் அங்கிருந்து தக்காணத்து ஹைதராபாத்துக்கும் போனார்கள். 'தபிஸ்தானே மஸாஹிப்' என்ற சமய ஆராய்ச்சி நூலின் ஆசிரியர் 1647இல் இவர்களை ஹைதராபாத்தில் சந்தித்திருக்கிறார். சர்மத் அபய் சந்துக்கு ஹீப்ரு வேதம் கற்பித்தார், அபய் சந்த் தோராவின் தொடக்கத்தைப் பாரசீகத்தில் மொழிபெயர்த்தார், சர்மத் சரிபார்த்தார், அந்த மொழிபெயர்ப்பு தபிஸ்தானில் இடம்பெற்றது. முஸ்லிமாகிய ஒரு யூதன், அவனால் காதலிக்கப்பட்ட ஒரு ஹிந்து, இருவர் கையிலும் மோசேயின் நூல்! காதலின் விளைவாக இதைவிட விநோதமான ஒன்றை இந்தத் தேசத்து இலக்கிய வரலாறு காட்டுமா என்பது சந்தேகம்.

பிறகு டெல்லி. தாரா ஷிகோவின் ஆதரவு. தாரா தோற்று 1659இல் கொல்லப்பட்டார். 1661இல் சர்மதின் தலையும் போயிற்று. நிர்வாணம், நபிகளின் விண்ணேற்றத்தை மறுப்பதுபோல் ஒலித்த ஒரு ருபாயி, கலிமாவில் 'இறைவன் இல்லை' என்ற முதல் பாதியோடு நின்றுவிட்டது: இவையே மரபு சொல்லும் குற்றச்சாட்டுகள். உண்மையான காரணம் தாராவோடு இருந்த சிநேகம் என்று பலர் கருதுகிறார்கள். 1910இல் இளைஞர் அபுல் கலாம் ஆசாத் எழுதிய சர்மத் கட்டுரை இந்த அரசியல் கொலையின்மேல் கொண்ட கோபத்தில் எழுந்தது. நான் சுட்ட விரும்புவது ஒன்றைத்தான். குற்றப் பட்டியலில் அபய் சந்த் இல்லை. ஊரறிந்த காதல், நாடறிந்த காதல். ஔரங்கசீப்பின் காஜிகள் சர்மதைக் கொல்லக் காரணம் தேடிய நேரம். காதல் அவர்களுக்குக் காரணமாகப் படவில்லை.

சர்மத் தனி மரமும் இல்லை. லாகூரில் ஷா ஹுசைன் (1538–1599) மாதோ என்ற பிராமண இளைஞனைக் காதலித்தார். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். பஞ்சாபி ஜனங்கள் இரண்டு பெயரையும் ஒரே பெயராக்கி 'மாதோ லால் ஹுசைன்' என்றே அந்த மகானை அழைக்கிறார்கள். அங்கே ஆண்டுதோறும் மார்ச் கடைசியில் விளக்குத் திருவிழா நடக்கிறது. அதற்கும் முன்னால், 13ஆம் நூற்றாண்டில் ஃபக்ருத்தீன் இராக்கி ஒரு கலந்தர் இளைஞனின் அழகில் மயங்கி, ஹமதானில் படிப்பை விட்டுவிட்டு அவர்கள் கூட்டத்தோடு முல்தான்வரை வந்து சேர்ந்தார் என்கிறது அவர் சரித்திரம். முல்தானின் ஷேக் பஹாவுத்தீன் ஸகரியா அவரைச் சீடராக்கி, தம் மகளையும் கட்டிக்கொடுத்தார். அழகிய முகம் இறையழகின் சாட்சி என்பது ஸூஃபிகளில் ஒரு சாராரின் தத்துவம். இதை வழிகேடு என்று இப்னு அல்-ஜவ்ஸியும் இப்னு தைமிய்யாவும் கடுமையாகத் தாக்கினார்கள். தாக்கினார்கள் என்பதே அது பரவலாக இருந்ததற்கு அத்தாட்சி.

தமிழ்நாட்டுக்கும் இந்தச் சரித்திரத்தில் ஒரு பங்கு உண்டு, கசப்பான பங்கு. 1311இல் மதுரைவரை வந்த மாலிக் காஃபூரை நம் பாடப்புத்தகங்கள் கோயில்களைச் சூறையாடியவன் என்ற ஒற்றை வரியில் முடித்துவிடும். குஜராத்தின் காம்பேயில் 1299இல் பிடிபட்ட அடிமை, விரையறுக்கப்பட்டவன். அலாவுத்தீன் கில்ஜி அவன்மேல் கொண்ட மோகத்தை ஜியாவுத்தீன் பரனி 1357இல் முடித்த தன் வரலாற்றில் எழுதுகிறான். 1318இல் இரண்டாவதாக இங்கே படையெடுத்து வந்த குஸ்ரூ கான், அலாவுத்தீனின் மகன் குத்புத்தீன் முபாரக்கின் பிரியன். 1320இல் அந்தப் பிரபுவையே கொன்றவன். ஆக, டெல்லியிலிருந்து தமிழகம் வந்த இரண்டு படைகளுக்கும் சுல்தான்களின் பிரியர்களே தளபதிகள். இதைப் படிக்கும்போது ஒரு எச்சரிக்கை தேவை. பரனி பிறப்பால் உயர்ந்தவர்களே ஆளவேண்டும் என்ற வெறியன். அடிமை ஒருவன் மேலே ஏறியதுதான் அவனுக்கு அருவருப்பு. காமம் அந்த அருவருப்புக்குப் போட்ட சட்டை. பரனியைக் கையில் வைத்துக்கொண்டு முஸ்லிம் அரசர்களே இப்படித்தான் என்று எழுதிய வெள்ளைக்காரர்களும், அதையே இன்று வேறு நோக்கத்துக்காகச் சொல்கிறவர்களும் பரனியின் வர்க்கக் கசப்பைக் கணக்கில் எடுப்பதில்லை. தவிரவும், காம்பேயில் பிடிபட்ட, விரையறுக்கப்பட்ட அடிமை ஒருவன் சம்மதித்தானா என்று கேட்க அந்த வரலாற்றில் இடமே இல்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே பழைய காலத்தைப் பொற்காலம் என்று கொண்டாட என்னால் ஆகாது. அந்தக் காதல்களில் பெரும்பாலானவை எஜமானுக்கும் அடிமைக்கும், மீசை வைத்தவனுக்கும் மீசை முளைக்காதவனுக்கும் இடையில் நடந்தவை. பெண்கள் தங்களுக்குள் கொண்ட காதல் அநேகமாக ஆண்கள் பெண்குரலில் எழுதிய ரேக்தி கவிதைகளில் வேடிக்கைப் பொருளாகவே பிழைத்தது. 1942இல் இஸ்மத் சுக்தாய் 'லிஹாஃப்' கதையை எழுதியபோதுதான் ஒரு பெண்ணே அந்தப் போர்வையை விலக்கினாள். அதற்கு லாகூரில் ஆபாச வழக்கைச் சந்தித்தாள், ஜெயித்தாள்.

இனி எட்டயபுரம். உமறு, சமஸ்தானப் புலவர் கடிகைமுத்துப் புலவரின் மாணவர். கீழக்கரை வள்ளல் சீதக்காதி கேட்டுக்கொள்ள, 5000க்கு மேற்பட்ட விருத்தங்களில் சீறாப்புராணம் பாடினார். உமறு ஹிந்துப் புலவர் கோலத்தில் வந்ததைப் பார்த்து, நபிகளின் சரித்திரக் குறிப்புகளைத் தர சதக்கத்துல்லாஹ் அப்பா முதலில் மறுத்தார், கனவில் நபிகள் சொன்னபிறகே இசைந்தார் என்பது வழிவழிக் கதை. கதை மெய்யோ பொய்யோ, அதன் உள்ளே இருப்பது மெய். உமறு தமிழ்க் காவிய மரபை முழுசாக உடுத்திக்கொண்டுதான் மக்காவுக்குப் போனார். அரேபியாவில் மருதமும் குறிஞ்சியும் எழுந்தன. பாரசீகக் கஸலின் உலகத்தை உமறு உடுத்தவில்லை. அவசியமும் இல்லை.

பாரசீகத்தில் அவன், அவள் என்ற பேதம் கிடையாது, ஒரே 'ஊ'. காதலி பெண்ணா ஆணா கடவுளா என்பதை இலக்கணம் காட்டிக் கொடுக்காது. உருதுவில் பால் உண்டு. ஆனால் உருது கஸல் காதலிக்கப்படுபவரை ஆண்பாலில் சொல்லும் வழக்கத்தை எடுத்துக்கொண்டது. மீர் தகி மீர் கடைத்தெருப் பையன்களைத் தொழில் சொல்லியே பாடினார். தமிழின் வினைமுற்று விடாது. வந்தான், வந்தாள். பால் தெரியாமல் ஒரு காதல் வாக்கியத்தை முடிப்பதே கஷ்டம். பக்திக் கவிகள் இந்த நிர்ப்பந்தத்துக்கு எப்போதோ ஒரு வழி கண்டிருந்தார்கள். கடவுள் ஆண் என்றால் பாடுகிறவன் பெண்ணாகிவிடுவது. நம்மாழ்வார் பராங்குச நாயகி, திருமங்கை பரகால நாயகி. அந்த வழி மாணிக்கவாசகரிலும் உண்டு. தமிழ் ஸூஃபிகள் வந்தபோது இந்தப் பாதை செப்பனிட்டுத் தயாராக இருந்தது. குணங்குடி மஸ்தான் சாகிபு ஒரு படி மேலே போய், கடவுளையே மனோன்மணி என்ற பெண்ணாக்கித் தாம் ஆணாக நின்றும் பாடினார். எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒருவர் ஆண், ஒருவர் பெண். ஆண் ஆணைக் காதலிக்கும் இடம் கவிதையில் விழவே இல்லை.

இது தமிழ் முஸ்லிம்களின் ஒழுக்க மேன்மையைக் காட்டுகிறது என்பவர் உண்டு. அது தப்பு. ஜனங்களிடம் அந்த அனுபவம் இல்லை என்றும் ஆகாது. கி. ராஜநாராயணன் 'வயது வந்தவர்களுக்கு மட்டும்' என்று தொகுத்த கதைகளைப் பார்த்தவர்களுக்கு, கரிசல்காட்டு வாய்க்குக் கூச்சம் கம்மி என்பது தெரியும். இல்லாதிருந்தது அனுபவம் அன்று. அனுபவத்தை விசுவாசத்தோடு சேர்த்துச் சொல்லும் ஒரு கவிதை மரபு இல்லை. லாகூரின் முஸ்லிம், ஷா ஹுசைனின் தர்காவில் விளக்கேற்றும்போது, புரிந்தோ புரியாமலோ, ஒரு நினைவையும் சேர்த்து ஏற்றுகிறான். கோவில்பட்டி முஸ்லிமுக்கு அப்படி ஏற்ற விளக்கில்லை. இது எங்கள் மார்க்கத்துக்கு அந்நியம், மேல்நாட்டு நோய் என்று யாராவது சொன்னால் எதிர்த்துச் சொல்ல அவன் வீட்டு அலமாரியில் புத்தகம் இல்லை.

எட்டயபுரத்தின் இன்னொரு மகனையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1917இல் வெளிவந்த 'கண்ணன் பாட்டு' பாரதியின் துணிச்சல்களில் பெரியது. கண்ணனைத் தோழன், தாய், தந்தை, சேவகன், சீடன் என்று ஒவ்வொரு உறவாக மாற்றிப் பார்க்கிறான். கடவுளைக் கண்ணம்மா என்று காதலியாக்குகிறான். இதில் பாரசீகத்தின் நிழல் உண்டோ என்று நான் யோசித்ததுண்டு. ஆனால் கண்ணன் காதலனாக வரும் இடத்தில், பாடும் குரல் பெண்குரலாகிவிடுகிறது. அத்தனையும் உடைத்தவன் அதை மட்டும் உடைக்கவில்லை. அந்த மாற்றத்தை ஒரு கணம் நிறுத்திவைத்திருந்தால் தமிழில் என்ன நடந்திருக்கும்!

வடக்கே இருந்த நினைவும் பத்திரமாக இல்லை. 1893இல் ஹாலி, உருதுக் கவிதையைச் சீர்திருத்தும் தன் புகழ்பெற்ற முன்னுரையில், காதலிக்கப்படுபவன் ஆண் என்று காட்டும் அடையாளங்களைக் கஸலிலிருந்து களைய வேண்டும் என்றார். அலிகார் இயக்கத்தின் காலம் அது. 1857இல் தோற்ற சமூகம், தோல்விக்குக் காரணம் தன் நடத்தைதான் என்று வெள்ளைக்காரன் சொன்னதை நம்பிவிட்டது. விக்டோரியா காலத்து வெட்கம் முஸ்லிம் வெட்கமாக மொழிபெயர்க்கப்பட்டது இப்படித்தான். இதில் ஒரு முரண். துருக்கிய உஸ்மானியப் பேரரசு, கலீஃபாவின் பேரரசு, 1858இல் பிரெஞ்சுச் சட்டத்தைத் தழுவி எழுதிய தண்டனைச் சட்டத்தில் வயதுவந்தோரின் மனமொப்பிய உறவுக்குத் தண்டனை இல்லாது விட்டது. இரண்டே வருஷம் கழித்து இந்தியாவில் கிறிஸ்தவ சாம்ராஜ்யம் அதற்கு ஆயுள் தண்டனைவரை எழுதியது. 1979க்குப் பிறகு ஈரானில், எல்லார் வீட்டிலும் ஹாஃபிஸின் திவான் இருக்கும் நாட்டில், மரண தண்டனை வந்தது.

அரபு நாடுகளைப் பற்றி காலித் எல்-ரூவைஹிப் 2005இல் எழுதிய நூல், 1500க்கும் 1800க்கும் இடைப்பட்ட உலமாக்களே அழகிய இளைஞர்கள்மீது காதல் கவிதை எழுதியதைக் காட்டுகிறது. செயலைப் பாவம் என்று ஃபத்வா எழுதிய அதே கை காதலைப் பாடியது. அவர்களுக்கு இதில் முரண் தெரியவில்லை. செயல் ஒன்று, காதல் ஒன்று, ஆள் ஒன்று. 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய மருத்துவம் மூன்றையும் சேர்த்து ஒரு மனித ஜாதியை உண்டாக்கியது. 2022இல் தமிழக அரசு, உயர்நீதிமன்றம் சொன்னபடி, மரியாதையான சொற்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. நல்ல காரியம். ஆனால் அதற்குமுன் வழங்கிய 'ஓரினச்சேர்க்கையாளர்' என்ற சொல்லில் சேர்க்கைதான் ஆளாக நிற்கிறது. ஒருவன் தன்னை அந்த ஜாதி என்று உணர்ந்துவிட்டால் 'நீ பாவி, ஆனால் எங்களவன்' என்ற பழைய ஆறுதல் அவனுக்குப் போதாது. போதாமல் போனது நியாயம்தான். தான் செய்யும் ஒன்றுக்காக மன்னிப்புக் கேட்கலாம். தான் இருப்பதற்காக எப்படிக் கேட்பது? பழைய வரிசையில் அவனுக்கு இடம் இருந்தது. அந்த இடத்துக்கு வாடகை மௌனம்.

இப்போது மௌனத்துக்கும் இடமில்லை, பேச்சுக்கும் இல்லை. நம் ஊர்களில் விசுவாசம் என்பது அல்லாஹ்வுக்கும் அடியானுக்கும் இடையிலான தனிக் காரியம் மட்டும் இல்லை, அது ஜமாஅத். நிக்காஹ் பதிவு அங்கே. மய்யித்தைக் குளிப்பாட்டி அடக்க ஆறடி நிலம் அங்கே. முப்பது வயதாகியும் கல்யாணத்துக்கு இசையாதவனை ஊர் முதலில் கேலி பேசும், பிறகு வைத்தியம் பார்க்கும், அப்புறம் யாரோ ஒரு பெண்ணைக் கட்டிவைத்து இரண்டு ஆயுளைப் பாழாக்கும். 2007இல் தக்கலையில், பீர் முகம்மது அப்பா அடங்கிய ஊரில், கவிஞர் எச். ஜி. ரசூல் குடியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியதற்காக ஊர்விலக்கம் செய்யப்பட்டார். குடிக்கவில்லை, எழுதினார். குடித்த கவிகளை ஆயிரம் வருஷம் வரிசையில் நிற்கவிட்ட மார்க்கத்தில் இது நடந்தது. அபூஹனீஃபா தோற்கடித்த காரிஜியாக்கள் அவர் பெயரைச் சொல்லிக்கொண்டே திரும்பி வந்துவிட்டார்களோ என்று சந்தேகப்பட இடமிருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் தன்னை வெளிப்படையாக அறிவித்துக்கொண்டு, தன்னைப் போன்றவர்களுக்காகப் பள்ளிவாசல் நடத்திய இமாம் முஹ்ஸின் ஹெண்ட்ரிக்ஸ் 2025 பிப்ரவரி 15இல் சுட்டுக் கொல்லப்பட்டார். சர்மதைக் கொல்ல ஒரு பேரரசும் ஒரு விசாரணையும் தேவைப்பட்டன.

எழுத்தாளர்களாகிய நமக்கு இதில் உள்ள காரியம் சிறியது, மொழி சம்பந்தமானது. தமிழிலும் பால் காட்டாத ஒரு சொல் உண்டு: அவர். குறளின் தலைவி தன் காதலனை அப்படித்தான் சொல்கிறாள். கரிசலில் அது 'அவுக'. ஆனால் நூற்றாண்டுகளாக அதைப் புருஷனைக் குறித்துப் பெண்டாட்டி சொல்லிச் சொல்லி, பால் இல்லாத சொல்லுக்குப் பெண்வாய் ஒட்டிவிட்டது. ஓர் ஆண் தான் நேசிக்கும் ஆணை 'அவர்' என்று எழுதினால் வாசகன் காதில் ஒரு பெண் பேசுவாள், மறுபடியும் நாயகி. 'அவன்' என்று எழுதினால் சிநேகிதனைப் பற்றிய பேச்சாகத் தணிந்துவிடும், அல்லது ஆண்டாள் வந்து உட்கார்ந்துகொள்வாள். உமறு மக்காவைத் தமிழாக்கியபோது அவருக்குக் கம்பனும் காவிய இலக்கணமும் கைகொடுத்தன. இந்த 'அவன்'மேல் ஓர் ஆணின் ஆசையை, கூடவே அவனுடைய ஐந்து வேளைத் தொழுகையையும் சேர்த்து, ஏற்றிவைக்கப் போகிற கவிக்குக் கைகொடுக்க ஆள் இல்லை. வினைமுற்றிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.